பதினோரு பூட்டும் அரைப் புள்ளியும்: செட்டிநாட்டில் ஐந்து நாள்

ஈரோடு திரும்பி மூன்று நாளாகிறது. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, வயிறும் ஒரு நிலைக்கு வரவில்லை. "கல்யாணத்துக்குப் போனியா, ஆடிட்டுக்குப் போனியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்து, நாள்வாரியாக.

ஆகஸ்ட் 26, செவ்வாய் – காரைக்குடி

எங்கள் வங்கிக் கிளையில் என்னோடு வேலை பார்க்கிறவர்; காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் ஆச்சிதான். கடன் மனுவை அவர் பார்க்கிற விதமே தனி. தாளை ஒரு பார்வை பார்ப்பார், எதிரில் உட்கார்ந்திருப்பவரை நாலு பார்வை பார்ப்பார். அவர் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம், பள்ளத்தூரில், பூர்வீக வீட்டிலேயே. "தாலி கட்டுற நேரத்துக்கு வந்து மொய் எழுதிட்டுப் போறதா இருந்தா வராதீங்க. மூணு நாள் முன்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டார். அதிகாரமா அன்பா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல் அது.

திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி வந்து இறங்கும்போது மணி நாலரை. ஆவணி பிறந்தும் வெயிலுக்குச் சேதி போகவில்லை போலிருக்கிறது. போன வாரமே போனில் சொல்லி வைத்திருந்த விடுதியில், ஆயிரத்து அறுநூறு ரூபாய் ஏசி அறை எங்களுக்கு இல்லை என்றார்கள். "நாளைக்குச் சதுர்த்தி மேடம். பிள்ளையார்பட்டிக் கூட்டம் முழுக்க இங்கதான். உங்க ரூமை மத்தியானமே கொடுத்தாச்சு." முன்பணம் அனுப்பிய ரசீதைக் காட்டினேன். அதை மரியாதையாகப் படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார். கடைசியில் மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாமல், ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டொக்' என்று சொல்லும் மின்விசிறியோடு ஓர் அறை. ஆயிரத்து இருநூறு.

ராத்திரிச் சாப்பாடு பக்கத்து மெஸ்ஸில். இடியாப்பம், கோழிக் குழம்பு, இரண்டு பேருக்கும் சேர்த்து முந்நூற்று நாற்பது. குழம்பில் மிளகு முன்னால் நின்றது, மிளகாய் பின்னால் வந்தது. பரிமாறிய பையன் இலையைப் பார்த்தே பேசினான், முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் இலையில் ஓர் இடம் காலியானால் போதும், அடுத்த நொடி அங்கே ஏதாவது விழுந்தது.

அறைக்குத் திரும்பியதும் ஆச்சி போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "லாட்ஜா? எங்க வீட்ல அத்தனை இடத்தை வச்சுக்கிட்டு, நீங்க லாட்ஜ்ல கிடக்கீகளா?" ஈரோட்டில் இருக்கும்வரை எங்களைப் போலப் பேசுகிறவர். ஊர் எல்லையைத் தொட்டதும் பேச்சு மாறிவிட்டது.

ஆகஸ்ட் 27, புதன் – பிள்ளையார்பட்டி

வீட்டுக்காரருக்குப் பிள்ளையார்பட்டி பார்த்தே ஆகவேண்டும். சதுர்த்தியன்று அங்கே போவது புத்திசாலித்தனம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். பேருந்தில் எங்களோடு நசுங்கிக்கொண்டு வந்த நூறு பேருக்கும் தெரிந்திருக்கும்.

மூன்று மணி நேர வரிசை. குடைவரைக்குள் கற்பக விநாயகரைப் பார்த்தது என்னவோ பத்து நொடி. இரண்டே கை, வலம்புரித் துதிக்கை. வெளியே வந்ததும் வீட்டுக்காரரின் இடது செருப்பு மட்டும் காணவில்லை. வலது செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. ஒற்றைச் செருப்பை எடுத்துப் போனவர் யார், எதற்கு என்று அவர் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். வாசல் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு ரப்பர் செருப்பு.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், நாங்கள் பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்றதும் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு எந்தக் கோவில்?"

பிள்ளையார்பட்டிக் கோவிலில் நின்றுகொண்டு எந்தக் கோவில் என்கிறாரே என்று முழித்தேன். அவரே விளக்கினார். நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோவில்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒவ்வொரு குடும்பமும் இதில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க முடியாது. "நாங்க பிள்ளையார்பட்டி. இரணிக்கோவில்காரவுகளும் எங்களுக்கு அண்ணன் தம்பி முறைதான். அங்கயும் கட்ட மாட்டோம்." எட்டில் ஒன்று போக ஏழுதான் மிச்சம் என்று சிரித்தார்.

அவர்கள் மரபில் சொல்லும் கதை இது. காஞ்சியிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் போய், அங்கே சோழ மன்னனோடு மனத்தாங்கலாகி, கி.பி. 707இல் பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள். பாண்டியன் முதலில் கொடுத்தது இளையாத்தங்குடி. அங்கிருந்து பிரிந்து ஒன்பது கோவில். ஊர்கள் ஒரு காலத்தில் 96, இன்று எழுபத்துச் சொச்சம். ஆண்டுக் கணக்கை வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, வரிசையில் நின்ற பெரியவர் தன் தாத்தா பிறந்த வருடத்தைச் சொல்வது போலத்தான் 707 என்றார்.

மத்தியானம் விடுதியைக் காலி செய்தோம். அரை நாள் வாடகையாவது கழிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கழிக்கவில்லை. பள்ளத்தூருக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய்.

வீட்டு வாசலில் இறங்கியதும் வீட்டுக்காரர் கேட்டது: "இது வீடா, கல்யாண மண்டபமா?" கேள்வி சரியான கேள்விதான். பதில் மறுநாள் கிடைத்தது.

ஆகஸ்ட் 28, வியாழன் – பள்ளத்தூர்

இரவு பட்டாலையில், முகப்பை அடுத்த பெரிய கூடத்தில், படுத்தோம். வரிசையாகப் பதினான்கு பேர், மெத்தை கிடையாது, பாய்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. நடுராத்திரியில் பாயை விட்டு உருண்டுபோய் வெறும் தரையில் கிடந்தேன். அத்தனை குளிர்ச்சி. ஏசி அறைக்கு அலைந்ததை நினைத்துக்கொண்டேன்.

காலையில் வெளிச்சம் வந்த பிறகுதான் வீடு கண்ணுக்குள் வந்தது. தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, பட்டாலை, நடு முற்றத்தோடு வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசலுக்கு வாசல் நேராகப் போய், கடைசியில் பின் தெருவின் வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். நிலைக்கதவில் கஜலட்சுமி, அவளைச் சுற்றிக் கிளி, யாளி, கொடி. ஒரு விரல் அகலம்கூடச் சும்மா விடவில்லை. அண்ணாந்து பார்த்தால் பர்மாத் தேக்கு. இரண்டு கை கோத்தாலும் அணைக்க முடியாத தூண்கள். பெல்ஜியம் கண்ணாடிகள் சுவரை ஒட்டி நிற்காமல் தலை குனிந்தாற்போல் முன்னால் சாய்ந்திருக்கின்றன.

எனக்கு அதையெல்லாம்விடச் சுவர்தான். ஒரு தூணுக்குப் பின்னால், யாரும் பார்க்காதபோது, கன்னத்தை வைத்துப் பார்த்தேன். முட்டை ஓட்டின் மேல் கன்னம் வைத்த மாதிரி இருந்தது. முட்டையும் அதில் இருக்கிறதாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, கடைசிப் பூச்சில் வெள்ளைக்கரு, பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு. சுண்ணாம்பு அடிக்கிற வேலையே இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றார்கள். எங்கள் வீட்டில் எட்டு வருடத்தில் மூன்று முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது.

வளவைச் சுற்றி அறைகள். அறைக்கு ஒரு பூட்டு. எண்ணிப் பார்த்தேன், பதினோரு பூட்டு. நிலைக்கு மேல் சின்னதாக எழுத்துகள், எல்லாம் விலாசம். தாத்தா, அப்பா, தன் பெயர் என்று முதலெழுத்துகளாகச் சேர்த்து எழுதுவது. ரங்கூனில் கடைப் பலகையில் இருந்ததும் அதே எழுத்துதான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கென்று அறை ஒதுக்கி, தனியாகச் சமைத்துக்கொள்ள 'வேறு வைத்துவிடுவார்கள்'. ஒரே கூரை, பல அடுப்பு. மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல கட்டட அமைப்பை நான் பார்த்ததில்லை.

"வீடு இப்ப யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டுவிட்டேன். வங்கிக்காரப் புத்தி. ஆச்சியின் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறையாகும் பெரியவர், எழுபத்தெட்டு வயது, சாய்வு நாற்காலியில் இருந்தபடி சிரித்தார்.

"முப்பத்திநாலு பங்கு. ஒரு சாவி கோயம்புத்தூர்ல, ஒண்ணு மெட்ராஸ்ல, ரெண்டு மலேசியாவுல, ஒண்ணு நியூ ஜெர்சில. விக்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. எல்லாரும் கையெழுத்துப் போட எங்க கூடறாக? கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும்தான் கூடுவாக. அப்பப் போயி இதைப் பேச முடியுமா?"

வீட்டுக்காரர் நேற்று கேட்டதை அவரிடம் கேட்டேன். "குடியிருக்க இவ்வளவு பெரிசு எதுக்குங்க ஐயா?"

"குடியிருக்கவா கட்டுனாக? ஆம்பளைக எல்லாம் கொண்டுவிக்கப் போயிட்டாக, வட்டிக்கடை வைக்க, பர்மா, மலாயா, சிலோன்னு. ஒரு தவணை மூணு வருஷம். ஊருக்கு வந்தா விசேஷம், நாலு பேர் கூடணும். கூடுறதுக்குக் கட்டுனது."

பெரியவருக்கு ஆள் கிடைத்தது, எனக்குக் கதை கிடைத்தது. காபி மூன்று முறை வந்தது. அவர் சொன்னதை வங்கிக்காரியின் காதோடு கேட்டேன். பாதிக்கு மேல் எங்கள் தொழில்தான். ரங்கூனில் மொகல் தெருவில் செட்டியார் கோவில். மாதம் ஒரு முறை அங்கே கூடி, அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்வார்களாம். எங்களுக்கு மும்பையிலிருந்து சுற்றறிக்கை வருகிறது, இவர்களுக்குச் சாமி சந்நிதியில் முடிந்திருக்கிறது. ஒருவரிடம் பணம் குறைந்தால் மற்றவரிடம் வாங்கலாம், கொடுப்பதும் வாங்குவதும் பெரும்பாலும் பேச்சிலேயே. வாக்குத் தவறினால் நடவடிக்கை என்ன என்று கேட்டேன். "பொண்ணு கிடைக்காது" என்றார். இதைவிடக் கெட்டியான பிணையை நான் எந்தக் கடன் மனுவிலும் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கி. நீளமான கூடத்தில் ஆளுக்கு ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு சாய்வுமேசை. பகலில் கடை, ராத்திரி படுக்கை. பணம் சேர்ந்ததும் பொதுவில் எழுப்பியது டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில், 1859. அதற்கும் முன்னால் காசி. 1813இலேயே அங்கே நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் தொடங்கிவிட்டார்கள். இன்றும் அங்கிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருள் 'சம்போ, சம்போ' என்று சொல்லிக்கொண்டே தெருவழியாகப் போகிறது. பெரியவர் தன் இருபத்தெட்டாவது வயதில் காசிக்குப் போய் ராத்திரி பதினொரு மணிக்கு அந்தச் சத்திரத்துக் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து மூன்று கேள்வி: எந்த ஊர், எந்தக் கோவில், என்ன விலாசம். கதவு திறந்தது.

சென்னை எழும்பூரில் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதர அமைப்பினர் கூடும் மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்குள் அடையாளத்துக்கு ரகசியக் கைகுலுக்கல் உண்டு என்பார்கள். இங்கே ரகசியமே இல்லை. மூன்று கேள்வியையும் எல்லோரும் கேட்கும்படிதான் கேட்கிறார்கள். பொய் சொல்லித் தப்ப முடியாது, அவ்வளவுதான். உங்கள் பங்காளி யாராவது ஒருவரைக் கேள்வி கேட்கிறவருக்குத் தெரிந்திருக்கும்.

பர்மாவைப் பற்றிக் கேட்டபோது பேச்சின் வேகம் குறைந்தது. 1930களின் விலைச் சரிவில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் இவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்களுடையது. "நாங்க கேட்டது பணம், கிடைச்சது நிலம்" என்றார் பெரியவர். பர்மாக்காரர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள், சொன்னார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. நிலம் அங்கேயே நின்றுவிட்டது. இங்கே வீட்டில் தேக்கு மட்டும் மிச்சம்.

மாலையில் சாமான் பரப்பினார்கள். பட்டாலை முழுக்கப் பித்தளை, எவர்சில்வர், மங்கு, ஜாடி, மரச் சாமான், பாய். ஒரு கடையே வைக்கலாம். ஒவ்வொரு பாத்திரத்திலும் விலாசம் வெட்டியிருக்கிறது. அமெரிக்கா போகிற பெண்ணுக்கு ஆட்டுக்கல் எதற்கு என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த பெரியாச்சிக்கு அது கேட்டுவிட்டது.

"ஆட்டுறதுக்கில்ல அப்பச்சி. எண்ணுறதுக்கு."

பெரியாச்சிக்கு எண்பத்தொரு வயது. பெரியவருக்கு அண்ணி. வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. பதினோரு பூட்டுக்கும் மறுசாவி அவரிடம்தான். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யார் என்ன பாத்திரம் எடுத்துப் போனார்கள், எப்போது திரும்பியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 1927இல் காந்தி செட்டிநாடு வந்தபோது, வெளிநாட்டுச் சாமான்களை இப்படி அடைத்து வைத்திருக்கிறீர்களே, மூச்சுவிட இடமில்லையே என்று கடிந்துகொண்டு போனதைச் சொன்னேன். "அவுக சொல்லிட்டுப் போயிட்டாக. தொடைக்கிறவ நானு" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி – கல்யாணம்

நாலு மணிக்கே எழுப்பிவிட்டார்கள். காலைப் பலகாரம்: வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, கந்தரப்பம், இடியாப்பம், கவுனி அரிசி. கவுனி பர்மாவிலிருந்து வந்த கறுப்பு அரிசி. வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்து, கரண்டியில் எடுத்தால் ஊதா நிறத்தில் மினுங்குகிறது. வீட்டுக்காரர் மூன்று முறை வாங்கினார். கந்தரப்பத்தின் விளிம்பு மொறுமொறு, நடுப்பகுதி பஞ்சு. இரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆறு மணிக்கு வீட்டில் ஒரு சலசலப்பு. மாப்பிள்ளை மாத்தூர்க் கோவில், பெண் இளையாத்தங்குடி. இரண்டு கோவிலிலிருந்தும் மாலை வரவேண்டும். மாத்தூர் மாலை வந்துவிட்டது. பெண் வீட்டு மாலையை எடுத்து வரப் போன பையனின் வண்டி வழியில் பஞ்சர். நேரம் நெருங்குகிறது. எங்கள் ஊர்ப் பக்கமாக இருந்தால் பூக்கடையில் இன்னொரு மாலை வாங்கி முடித்திருப்போம். அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பூ இல்லைம்மா அது, ரசீது." கோவிலில் கல்யாணத்தைப் பதிந்துகொண்ட பிறகுதான் மாலை கொடுப்பார்கள். மாலை வந்தால் இரண்டு பக்கமும் முறையான நகரத்தார், கட்டிக்கொள்ளக்கூடிய கோவில்கள் என்று அர்த்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தம்பதி கணக்கில் ஒரு புள்ளி. கோவிலுக்குப் புள்ளி வரி கட்டுவது, கூட்டத்தில் பேசுவது, ஊர்ப் பொதுவில் பங்கு எல்லாம் அந்தப் புள்ளியை வைத்துத்தான். கல்யாணம் ஆகாதவன் கோடீசுவரனாக இருந்தாலும் புள்ளி கிடையாது. பையன் ஏழு மணிக்கு யாரோ ஒருவரின் டிராக்டரில், மாலையை வாழையிலையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

கொட்டகையில் இசைகுடிமானம் எழுதினார்கள். பழைய ஆட்கள் இசைவுப் பிடிமானம் என்கிறார்கள். முன்பு ஓலை, இப்போது தாள். இந்த ஊர், இந்தக் கோவில், இந்த விலாசத்தார் மகனுக்கு, இந்த ஊர், இந்தக் கோவில் இன்னார் மகளை என்று எழுதி, உரக்கப் படித்து, இரண்டு தகப்பன்மாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் எத்தனையோ கடன் ஒப்பந்தம் படித்திருக்கிறேன். இப்படி வார்த்தைக்கு வார்த்தை ஊரே காது கொடுத்து ஒப்பந்தம் கேட்டதைப் பார்த்ததில்லை.

பிறகு கழுத்துரு, அவர்களுடைய தாலி. திருப்பூட்டுகிற நேரத்தில் அந்தத் தங்கத்தின் கனத்தில் பெண்ணின் கழுத்து ஒரு கணம் முன்னால் தணிந்து, நிமிர்ந்தது. சாயங்காலத்துக்குள் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மறுபடி கழுத்தில் ஏறுவது அறுபதாம் கல்யாணத்துக்கு.

கூட்டத்தில் பெரியாச்சியைத் தேடினேன். இரண்டாம் கட்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"முன்னால வாங்க ஆச்சி, இங்கிருந்து என்ன தெரியும்?"

"தெரியுற வரைக்கும் போதும். நான் அரைப் புள்ளி."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கணக்கே அப்படித்தானாம். தம்பதி ஒரு புள்ளி, கணவன் போய்விட்டால் மனைவி அரை. அவர் முப்பத்தாறு வயதில் அரையாகியிருக்கிறார். நாற்பத்தைந்து வருடம். வருத்தமாகச் சொல்லவில்லை, என் வயது இன்னது என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. நேற்றெல்லாம் அந்தக் கட்டுக்கோப்பை வாயைப் பிளந்துகொண்டு கேட்டவள் நான். பத்தாயிரம் மைல் தாண்டி ஒருவரை ஒருவர் நம்புகிற கணக்கு, வீட்டைக் காக்கிறவளைப் பாதியாக எழுதி வைத்திருக்கிறது. இதை ஆச்சியிடம் பின்னால் சொன்னபோது, "அரை வரிதானே கட்டுறாக, அதைச் சொல்லுங்க" என்று பேச்சை முடித்துவிட்டார். அவரும் வங்கிக்காரர்தான்.

மத்தியானச் சாப்பாட்டில் வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய மண்டியில் புளி, பச்சை மிளகாய், பூண்டு. இலையில் பதினெட்டு வகை வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவும் தெம்பில்லை. எதிர் வரிசையில் ஒருவர் பாதி இலையில் எழப் பார்த்தார். பரிமாறியவர் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டார்.

சாயங்காலம் பெரியவர் காரைக்குடியில் 1917இல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்தைப் பற்றிச் சொன்னார். கோவில் வேண்டாம், விலாசம் வேண்டாம், படிக்கவும் பேசவும் ஆசை இருந்தால் போதும் என்று இளைஞர்கள் கூடிய இடம். ராய. சொக்கலிங்கம், சொ. முருகப்பா எல்லாம் அதில் இருந்தவர்கள். 1919இல் பாரதி கானாடுகாத்தானுக்கு வயி. சு. சண்முகம் வீட்டுக்கு வந்தவர், இந்தச் சங்கத்துக்கும் வந்து பாட்டு எழுதிக் கொடுத்தார். கையில் கோலோடு இருக்கும் பாரதி படம் அப்போது எடுத்ததுதான். நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி – ஆத்தங்குடி, மழை

போகவில்லை. காலையில் ஆத்தங்குடிக்குப் போனதில் நேரம் போய்விட்டது.

பட்டறையில் ஓர் அண்ணன் கல் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடித் துண்டு ஒன்றை இரும்புச் சட்டத்துக்குள் வைக்கிறார். மேலே பூ வடிவத் தகர அச்சு. கரண்டியால் மஞ்சள் இந்தக் குழியில், சிவப்பு அந்தக் குழியில் ஊற்றி, அச்சை மெதுவாக, நேராகத் தூக்குகிறார். வண்ணம் கலையாமல் நிற்கிறது. மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி, கரண்டி முதுகால் அழுத்தி வழித்து ஓரமாக அடுக்குகிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கடைசியில் கண்ணாடி கழன்றால் மினுமினு முகம். அடுப்பு, சூளை எதுவும் இல்லை. ஒரு கல்லுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அச்சை நானும் தூக்கிப் பார்க்கிறேன் என்றேன். பூ குழம்பி வாந்தி மாதிரி ஆனது. "பரவால்லக்கா, மூலைக்குப் போட்டுக்கலாம்" என்றார். சதுர அடி எழுபது ரூபாயிலிருந்து. வாங்கவில்லை. குழம்பிய என் கல்லையாவது கேட்டிருக்கலாம்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் தெருவெல்லாம் ஆறு. காரைக்குடிச் சங்கம் போச்சு, முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளும் போச்சு. அது ஒரு வகையில் நல்லதுதான். பங்கு பிரித்த வீடுகளின் தூணும் நிலையும் விலைக்கு நிற்கிற தெரு. இத்தனைக்குப் பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வந்திருக்காது.

வீட்டுக்குள் நுழைந்தால் வளவின் நாலு பக்கத்துக் கூரையிலிருந்தும் தண்ணீர் நடு முற்றத்தில் கொட்டுகிறது. மூலைகளில் அண்டா வைத்துப் பிடிக்கிறார்கள். கொட்டகைக்காரர்கள் வாழைமரத்தைக் கழற்றிவிட்டார்கள். முந்நூறு பேர் இருந்த வீட்டில் ஒன்பது பேர். கோலாலம்பூர்க்காரர்கள் விடியற்காலையே போய்விட்டார்கள், சென்னைக்காரர்கள் பல்லவன் ரயிலுக்கு.

பெரியாச்சி ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே போய் ஜன்னல் கொக்கியை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார், விளக்கை அணைப்பார், வெளியே வந்து பூட்டி, பூட்டை ஒரு தொங்கு தொங்கிப் பார்ப்பார். நியூ ஜெர்சி அறைப் பூட்டு மட்டும் மழை ஈரத்தில் அடம்பிடித்தது. நூலில் தொங்கிய பென்சில் முனையைச் சாவித்துவாரத்தில் தேய்த்துவிட்டு மறுபடி திருப்பினார். விழுந்தது.

நாங்கள் கிளம்பும்போது சீப்புச் சீடையும் மாவுருண்டையும் நிறைத்த ஓர் எவர்சில்வர் தூக்கைக் கையில் கொடுத்தார். மூடியில் விலாசம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. மடியிலிருந்து நோட்டை எடுத்தார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"உங்க ஊர் ஈரோடுதான?"

"ஆமாங்க ஆச்சி."

தூக்கு ஒண்ணு, மூடியோட, ஈரோடு என்று எழுதிக்கொண்டார்.

சீடை நேற்றே தீர்ந்துவிட்டது. தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு ஆச்சி வேலைக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். வெறும் தூக்காகவா?